பாயை மறந்த பாய்மரக் கலங்கள்

மின்சாரமா, டீசலா, இரண்டும் கலந்த ஹைபிரிடா? பாய்மரக் கலங்களின் எதிர்காலம் குறித்த உரையாடல் எங்கு நடந்தாலும் இந்த மூன்று சொற்களைச் சுற்றியே நடக்கிறது. டீசல் பாவம், மின்சாரம் புண்ணியம், ஹைபிரிட் பரிகாரம் என்று வரிசை முன்பே வகுக்கப்பட்டுவிடுகிறது. பாய்மரக் கலத்தைப் பற்றிய பேச்சில் காற்று என்ற சொல் ஒருமுறைகூட வராமல் போவது எவரையும் உறுத்துவதில்லை.

சட்டம் இந்த அளவுக்கு மறதி கொண்டதாக இருக்கவில்லை. இயந்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாயை மட்டுமே கொண்டு செல்வதற்குப் போதிய பாய்ப்பரப்பு உடைய கலமே பாய்மரக் கலம் என்றது 1958ஆம் ஆண்டின் இந்திய வணிகக் கப்பல் சட்டம். கச்சு வளைகுடாவின் மாண்டவியில் கட்டப்படும் வஹாண்களும் தூத்துக்குடியின் தோணிகளும் ‘இயந்திரம் பொருத்திய பாய்மரக் கலங்கள்’ என்ற வகையில்தான் பதிவாகின. அந்தத் தொடரின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். அதில் தலைச்சொல் பாய்மரக் கலம். இயந்திரம் அதற்கு வந்த அடைமொழி. நடைமுறையோ இதைத் தலைகீழாக்கியது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் துணையாக ஏறிய டீசல் இயந்திரம் தலைமையைப் பிடித்தது. பாய் சுருண்டது, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதற்காகத் தண்டையலையோ கல உரிமையாளரையோ பழிப்பது நேர்மையாகாது. பாயைக் கையாள ஆட்கள் வேண்டும். காற்றுக்காகக் காத்திருக்க நாட்கள் வேண்டும். சரக்கு அனுப்புகிறவருக்கோ தேதி வேண்டும். டீசல் இயந்திரம் விற்றது விசையை மட்டுமன்று, நிச்சயத்தையும் சேர்த்து. இதை ஒப்புக்கொள்ளாத எந்தப் பசுமை வாதமும் துறைமுகச் சுவரைத் தாண்டி ஒரு முழம்கூட நகராது.

அந்த நிச்சயத்தை மின்கலம் தருமா? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தூத்துக்குடியிலிருந்து மாலே ஏறத்தாழ 400 கடல்மைல். ஒரு தோணி அத்தொலைவை 60 மணிநேரத்தில் கடக்கச் சராசரியாக 100 கிலோவாட் திறன் தேவை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 6,000 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். டீசலில் இது சுமார் 1,500 லிட்டர். எடை ஒன்றேகால் டன். இன்று சந்தையில் கிடைக்கும் லித்தியம் மின்கல அடுக்குகளில் அதே ஆற்றலைச் சேமிக்க 40 டன்னுக்கும் மேல் எடை ஏறும். சரக்கின் இடத்தில் மின்கலத்தை ஏற்றிச் செல்லும் கலத்துக்கு வாடகை கொடுப்பவர் யார்? அந்த மின்கலத்தைக் கரையில் நிரப்பும் மின்சாரத்தில் பெரும்பங்கு இந்தியாவில் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்பது தனிக் கணக்கு.

உடனே ஹைபிரிட் என்ற சொல் மீட்பராக அழைக்கப்படுகிறது. டீசலால் மின்னாக்கியைச் சுழற்றி, அந்த மின்சாரத்தால் மோட்டாரைச் சுழற்றும் அமைப்பில் ஒவ்வொரு மாற்றத்திலும் ஆற்றல் கசிகிறது. துறைமுகத்துக்குள் அடிக்கடி வேகம் மாற்றும் கலத்துக்கு இது இலாபமாகலாம். இரண்டரை நாள் ஒரே சீரான வேகத்தில் ஓடும் கலத்துக்கு, டீசலைச் சுற்றுவழியில் எரிப்பதற்கு அழகான பெயர் வைத்தது போலத்தான் முடியும். காற்றையும் இயந்திரத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும் பாய்மரக் கலம் முதல் இயந்திரம் ஏறிய நாளிலேயே கலப்பினமாகிவிட்டது. அதிலிருந்து காற்றைக் கழித்துவிட்டு இரண்டு இயந்திரங்களைக் கூட்டி, அதற்குக் கலப்பு என்று பெயரிடுவது சொல்லின் மீது நடத்தப்படும் மோசடி.

மின்மோட்டாருக்கு இடமே இல்லை என்பதன்று இதன் பொருள். கேரளத்தின் வைக்கம் – தவணக்கடவு தடத்தில் 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’ 75 பேரை ஏற்றும் சூரிய மின்படகு. குறுகிய தொலைவு, மாறாத தடம், கரைக்குத் திரும்பத் திரும்ப வரும் பயணம் ஆகிய மூன்றும் அங்கே பொருந்துகின்றன, அதனால் வெற்றி. துறையிலிருந்து அரைமணி நேரத்தில் வெளியேறிப் பாய் விரிக்கும் சிறு படகுக்கும் மின்மோட்டார் தாராளமாகப் போதும். ஆனால் காயலின் வெற்றியைக் கடலுக்குச் சான்றாகக் காட்டுவது, கிணற்று ஆழத்தைக் கொண்டு கடலை அளப்பதாகும்.

கேட்கப்படாத கேள்விக்குத்தான் விடையும் கிடைக்கிறது. நீரைக் கிழிக்கத் தேவையான திறன் தோராயமாக வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. வேகத்தைக் கால் பங்கு குறைத்தால் திறன் பாதிக்கும் கீழே இறங்கும். பயணம் 20 மணிநேரம் நீண்டாலும் மொத்த எரிபொருளில் 40 விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சும். வடகிழக்குப் பருவத்தில் தென்மேற்கு நோக்கி மாலே செல்லும் கலத்துக்கு வாடையும் கொண்டலும் பின்னாலிருந்து தள்ளும் காற்று. அந்த மாதங்களில் பாய் விரித்தால் இயந்திரத்தின் வேலை இன்னும் குறையும். எதிர்க்காற்றில் திரும்பும்போது டீசல் ஓடட்டும். அதுவே துணை இயந்திரத்தின் முறையான பணி. இது பழமைக் கனவன்று. ஏரியான் 6 ஏவுகலத்தின் பாகங்களை ஐரோப்பாவிலிருந்து பிரெஞ்சு கயானாவுக்குக் கொண்டுசெல்லும் ‘கனோப்பே’ சரக்குக் கப்பலில் 2023இல் நான்கு சிறகுப் பாய்கள் நிறுத்தப்பட்டன. அக்கப்பலிலும் இயந்திரம் உண்டு; காற்று கிடைக்கும்போது அதன் சுமை குறைகிறது.

இந்தியாவிலோ பாய்க்கு ஒதுக்கப்பட்ட இடம் அருங்காட்சியகத்தின் வாசல். அஜந்தா ஓவியத்தைப் பார்த்துத் தைத்துக் கட்டிய ‘கவுண்டின்யா’ 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது; நாடு பெருமைப்பட்டது. பெருமை தகும். ஆனால் ஐந்தாம் நூற்றாண்டின் பாய்க்குக் கைதட்டும் அவை, பிழைப்புக்காகக் கடலோடும் தோணியின் பாயைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆஞ்சான், தாமான், பருமல் என்ற சொற்கள் அகராதியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கையாண்ட கைகள் ஓய்ந்தால், சொற்களைக் காப்பாற்றி என்ன பயன்? பாய் ஓட்டும் அறிவு ஒரு தலைமுறையில் அறுந்தால், அதை மானியம் கொடுத்து மீட்க முடியாது.

ஆகவே கேள்விகளின் வரிசை மாற வேண்டும். எந்தத் தடம், எந்தப் பருவம், காற்று எத்தனை மணிநேரம் உதவும், மீதியை எத்தனை கிலோவாட்டில் கடக்கலாம் என்பவை முதலில். மின்சாரம், டீசல், ஹைபிரிட் என்பவை கடைசியில். மானியமும் ஆய்வு நிதியும் மோட்டாருக்குப் போகும் முன், பாய்க்கும் பாய் ஓட்டும் பயிற்சிக்கும் போகட்டும். இந்த வரிசையைத் தண்டையல்கள் என்றோ அறிவார்கள். கற்க வேண்டியவர்கள் கருத்தரங்கில் அமர்ந்திருக்கிறார்கள்.