எபிஜெனெடிக்ஸைக் கையில் எடுப்பதற்கு முன்

பிறப்பு எதையும் தீர்மானிப்பதில்லை என்று வாதிடும் நமக்கு ‘எபிஜெனெடிக்ஸ்’ பிடித்த சொல்லாகிவிட்டது. மரபணுவின் எழுத்து மாறாமலேயே, சூழலால் அதன் செயல்பாடு மாறக்கூடும் என்கிறது அந்தத் துறை. உடனே, ‘மூதாதையர் பட்ட அவமானம் நம் மரபணுவிலேயே பதிந்திருக்கிறது’ என்ற பேச்சும் கிளம்புகிறது. தோழர்களே, அதைக் கைதட்டி ஏற்பதற்கு முன் ஒரு செடியைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையத்தில் பேராசிரியர் கரோலின் டீன் பல பத்தாண்டுகளாக ஒரே கேள்வியைத் துரத்துகிறார்: குளிர்காலம் முடிந்தது என்று செடிக்கு எப்படித் தெரிகிறது? கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியில், எஃப்.எல்.சி. என்ற மரபணு பூப்பதைத் தடுத்து வைக்கிறது. வாரக்கணக்கில் குளிர் பட்டால் ஒவ்வொரு செல்லாக அது அணைகிறது. வெயில் வந்த பிறகும் அணைந்தே இருக்கிறது, செடி பூக்கிறது. இதுதான் குளிரின் நினைவு. ஆனால் விதைக்குள் கரு வளரும்போது அந்த நினைவு அழிகிறது. அழிப்பதில் பங்கெடுக்கும் ஒரு நொதியை 2014இல் அவரது குழு அடையாளம் காட்டியது. அடுத்த தலைமுறை தன் குளிர்காலத்தைத் தானே கடக்க வேண்டும்.

இதே குளிரை வைத்துத்தான் சோவியத் யூனியனில் லைசென்கோ அரசியல் செய்தார். குளிரூட்டிப் பெற்ற பண்பு வழிவழியாக வரும் என்றார். சூழலால் எல்லாம் மாறும் என நம்பிய ஆட்சிக்கு அது இனித்தது. அவரை எதிர்த்த தாவரவியலாளர் வவிலோவ் 1943இல் சரடோவ் சிறையில் இறந்தார். ஆட்சி விரும்பியது என்பதற்காகக் கோதுமை வளைந்துகொடுக்கவில்லை.

எல்லா அடையாளங்களும் அழிந்துவிடுவதில்லை என்பதும் உண்மை. லினேரியா செடியின் பூ வடிவ மாற்றம் இத்தகைய அடையாளமாகத் தலைமுறை கடப்பதை 1999இல் அதே மையத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதர்களிடம் அப்படி நடக்கிறதா என்பதோ இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

ஆகவே கவனம் வேண்டும். காயம் ரத்தத்தில் இருக்கிறது என்று நாம் சொன்னால், இழிவும் ரத்தத்தில்தான் இருக்கிறது என்று சொல்ல எதிரிக்கு வழி திறந்துவிடுகிறோம். சாதியைத் தலைமுறைக்குக் கடத்துவது செல் அல்ல. நிலம், அகமண உறவு, தனிச் சுடுகாடு, வகுப்பறை. இவற்றை நிரூபிக்க நுண்ணோக்கி தேவையில்லை. உயிரியலைப் படிப்போம், ஆய்வகங்களில் நம் இடத்தைக் கேட்போம். ஆனால் நாளை எந்த ஆய்வு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், சமத்துவம் கேட்கும் நம் உரிமை அதை நம்பி நிற்கக் கூடாது.