ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குய்யா ஹோம்ஸ்டேன்னு பேரு?

லீவு நெருங்குது. மஸ்கட்டில் நாலு தமிழ்க் குடும்பம் ஒண்ணா உட்கார்ந்தால் இப்போ ரெண்டே பேச்சுதான். ஒண்ணு, டிக்கெட் விலை. இன்னொண்ணு, "ஊர்ப்பக்கம் ஒரு இடம் வாங்கி ஹோம்ஸ்டே ஆக்கிட்டா என்ன?" அதிலும் பொன்முடி என்றால் எங்க நாகர்கோவில்காரங்களுக்குத் தனிப் பாசம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்களும் திருவிதாங்கூர் ஆட்கள்தானே.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். 22 கொண்டை ஊசி வளைவு. மேலே சுமார் 1100 மீட்டர் உயரம், தேயிலை, மூடுபனி. உச்சியில் தங்க கேடிடிசியின் கோல்டன் பீக்கை விட்டால் அதிகம் வழியில்லை. அதனால் அடிவாரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஹோம்ஸ்டே போர்டுகள்.

போர்டு இருக்கு. வீடு இருக்கு. வீட்டுக்காரர் எங்கே? அவர் துபாயிலோ நியூஜெர்சியிலோ இருக்கார்.

மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹோம்ஸ்டே திட்டத்தைக் கொண்டு வந்தபோது போட்ட நிபந்தனை ரொம்ப எளிமையானது. ஒன்று முதல் ஆறு அறை, மிஞ்சினால் 12 படுக்கை, சொந்தக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். கேரளச் சுற்றுலாத் துறை தன் பங்குக்கு வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்தது. ஆனால் எந்தத் தரமானாலும் குடியிருக்கிற குடும்பம்தான் அஸ்திவாரம். அது இல்லாவிட்டால் அது வாடகை வீடு. வாடகைக்கு விடுவது தப்பே இல்லை. வாடகை வீடு என்று சொல்லி விடுங்கள். வில்லா என்று சொல்லுங்கள். "வீட்டு உணர்வு" என்று விளம்பரம் போட்டுச் சாவியை மட்டும் நீட்டாதீர்கள்.

பி.காம். படிச்சவங்களுக்கு 'குட்வில்' ஞாபகம் இருக்கும். கடையின் கட்டடம், சரக்கு எல்லாவற்றையும் கணக்கில் எழுதிய பிறகும், ஏதோ ஒண்ணுக்காக ஜனங்கள் திரும்ப வருவாங்களே, அதன் விலை. மலையடிவாரத்து வீட்டில் அந்தக் குட்வில் யார்? "சாப்பிட்டியளா?" என்று முதல் கேள்வி கேட்கிற வீட்டுக்காரம்மா. அவங்க இல்லையென்றால் மிச்சம் கட்டிலும் கீசரும்தான். கல்லாற்றுக் காட்டில் வைத்தியம் பார்த்து 2018இல் பத்மஸ்ரீ வாங்கிய காணிக்காரர் குலத்து லட்சுமிக்குட்டி அம்மாவின் ஓலைக் குடிசையைத் தேடி எத்தனையோ பேர் நடந்து போயிருக்காங்க. குடிசைக்காகவா போனாங்க?

போன வருஷம் அந்தப் பக்கம் குடும்பத்தோடு ஒரு ராத்திரி தங்கினோம். ஓனர் வெளிநாட்டில். வாட்ஸ்அப்பில் வரவேற்பு, வாட்ஸ்அப்பில் வைஃபை பாஸ்வேர்டு, வாட்ஸ்அப்பில் "செக் அவுட் 10 மணி". வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தவங்களாம். நல்ல தமிழ். அந்த அக்கா அவிச்ச மரச்சீனியையும் மீன்கறியையும் என் பசங்க இன்னைக்கும் சொல்றாங்க. ராத்திரி ஒன்பது மணிக்குக் கூடுதலாக ஒரு கூட்டம் வந்து இறங்கிச்சு. ஓனர் போனில் ஏதோ சொன்னார். அக்கா தன் பாயையும் தூங்குற பிள்ளையையும் தூக்கிக்கிட்டு ரப்பர் ஷீட் அடுக்குற கொட்டகைக்குப் போனாங்க. அவங்க ரூம் வந்தவங்களுக்கு. வெளியே கொட்டுற மழை.

உபசரித்தது யார்? பணம் வாங்கியது யார்? மறுநாள் ஓனர் ஐந்து நட்சத்திரம் கேட்டு மெசேஜ் அனுப்பினார். யாருக்காம் நட்சத்திரம்?

இதைச் சொன்னால் மூணு பதில் வரும்.

"வேலை கொடுக்கிறோமே சார்." சரி, கொடுங்க. சம்பளத்தை எழுத்தில் போடுங்க. வாரம் ஒரு நாள் லீவு, எந்த விருந்தாளி வந்தாலும் காலி செய்ய வேண்டாத ஒரு ரூம். இது மூணும் இல்லாத வேலை, பழைய எஸ்டேட் லயத்துக்குப் புது பெயிண்ட். லயம் என்றால் என்னவென்று பார்க்க விதுராவிலிருந்து இன்னொரு பாதையில் போனக்காடு போங்க. எஸ்டேட் நொடித்துப்போய், சம்பள பாக்கி நின்று, தொழிலாளர் குடும்பங்கள் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வருஷக்கணக்காகக் கிடந்த இடம். அங்கேயும் ஊர் தேடிப் போவது '25 ஜிபி' என்கிற பேய் பங்களாவை. உயிரோடு இருக்கிறவங்க வீட்டுப் பக்கம் கேமரா திரும்பாது.

"வீடு பூட்டிக் கிடந்தா கரையான் அரிச்சிடும்." உண்மை. பரம்பரை வீடு என்றால் அந்தக் கவலை எனக்கும் புரியும். ஆனால் இங்கே பலருக்கும் ஆசை புது இடம் வாங்க. பேங்க்காரனாக ஒண்ணு சொல்லணும். வெளிநாட்டுவாழ் இந்தியர் ஊரில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு விலைக்கு வாங்க ஃபெமா சட்டம் விடாது. பரம்பரையாக வந்தால் வேற விஷயம். பொன்முடி அடிவாரத்தில் தோட்டமாகப் பதிவாகாத துண்டு நிலமா என்று ஆவணத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. "மச்சான் பேர்ல வாங்கிக்கலாம்" என்பவங்க பினாமிச் சட்டத்தையும் ஒரு தடவை படிச்சிடுங்க.

"அந்தக் காலத்துல திண்ணையில யார் வேணா வந்து படுப்பாங்க, அந்தப் பண்பாட்டைத்தான் மீட்கிறோம்." இது மூணிலும் பெரிய கதை. நம்ம வழியோரங்களில் வழியம்பலம் இருந்தது, சுமைதாங்கி இருந்தது, நிஜம். அதே திருவிதாங்கூரில் சர்க்கார் செலவில் நடந்த ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்குத்தான் இலை விழுந்தது. யார் வேணா வந்து படுத்த திண்ணை எத்தனை ஊரில் இருந்தது என்று உங்க ஆச்சியிடம் தனியாகக் கேளுங்க. காசு வாங்கிக்கொண்டு ஜாதி கேட்காமல் சோறு போடுகிற ஒரு வீடு அதைவிட எனக்கு மேல். ஆனால் அந்தக் காசு சோறு போட்டவங்க கைக்குப் போகணும்.

போக வழியும் இருக்கு. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஹோம்ஸ்டே நடத்த முத்ரா கடன் என்று அறிவித்தார்கள். முத்ரா என்றால் சொத்து அடமானம் கேட்காத கடன். துபாயில் இருக்கிறவருக்கு ரெண்டாவது வீடு கட்ட அல்ல, அடுப்படியில் நிற்கிறவங்க சொந்தமாக ரெண்டு ரூம் எடுத்துக் கட்ட. வீடு உங்களுடையதே என்றாலும், அதில் குடியிருக்கிற குடும்பத்துக்கு முறையான குத்தகை எழுதிக் கொடுங்க, வருமானத்தில் பங்கு வைங்க. அவங்க பெயரில் தொழில் நடந்தால் அவங்க பெயரில் கடன் கேட்கலாம். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விவரப் படிவம் ஏற்றுகிற பொறுப்பும் அங்கே இருக்கிறவர் தலையில்தான் விழும். பொறுப்பு அவங்களுக்கு, லாபம் உங்களுக்கா?

இந்த லீவுக்குப் போறவங்க புக் பண்றதுக்கு முன்னாடி போனில் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "வீட்டுக்காரங்க ராத்திரி அங்கேதான் படுப்பாங்களா?" ஆமா என்றால் போங்க. அவங்களோட உட்கார்ந்து கட்டன் சாயா குடிங்க, உங்க பிள்ளைங்க அந்த வீட்டுப் பிள்ளைங்களோட விளையாடட்டும். இல்லை என்றால் ஹோட்டலில் ரூம் போடுங்க. ஹோட்டல்காரன் தன்னை ஹோட்டல் என்றுதான் சொல்லிக்கிறான்.