நிழல் விரும்பி என்றொரு பழி

நம் கதைகளிலும் கட்டுரைகளிலும் ஆர்க்கிட் தலைகாட்டினால் 'ஒட்டுண்ணி' என்ற அடைமொழியும் உடன் வந்துவிடுகிறது. நர்சரியில் வாங்கப் போனாலோ, 'நிழல்ல வைங்க சார்' என்ற உபதேசம். இரண்டுமே அபாண்டம்.

ஆர்க்கிட் மரத்தை உறிஞ்சுவதில்லை. அது தொற்றுத்தாவரம், தரையில் கிடைக்காத வெளிச்சத்தைத் தேடிக் கிளையேறிய செடி. அதன் வேரில்கூடப் பச்சையம் உண்டு. வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் 1795-இல் பதிவுசெய்த, இன்று வாண்டா டெசலேட்டா எனப்படும் ஆர்க்கிட் நம் வறண்ட காட்டு மரங்களில் வளர்வது. ஊட்டிக் குளிரின் செல்லப்பிள்ளை அல்ல.

இந்த இனத்தைத்தான் அம்பத்தூர் அடுக்ககத்து வரவேற்பறையில் வைத்துவிட்டு, 'அறை நல்ல வெளிச்சம்தானே' என்கிறோம். கண்ணின் சாட்சியம் இங்கே செல்லாது. கண்பாவை விரிந்து சமாளித்துக்கொள்ளும். இலைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஜன்னலைவிட்டுச் சில அடி உள்ளே வந்தால் சில நூறு தேறுவதே அரிது. அடக்கமான ஃபெலனாப்சிஸுக்கே 10,000 லக்ஸ் வேண்டும். வாண்டாவுக்கு அதைப்போல் மும்மடங்கு. கரும்பச்சை இலையைச் செழிப்பு என்று மெச்சுவோரைக் கண்டால் எரிச்சலே மிஞ்சுகிறது. அது பசியின் நிறம். பச்சையில் லேசாக மஞ்சள் ஓடினால்தான் வெளிச்சம் போதுமென்று பொருள்.

அடுத்தது, குளிர்நாட்டு நூல்களிலிருந்து அப்படியே இறக்கிய தெற்கு ஜன்னல் யோசனை. ஆவடி இருப்பது 13 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் வெயில் எட்டிப்பார்க்காது. டிசம்பரில் கதை தலைகீழ். தொட்டியை ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்றினால் என்ன குறைந்துவிடும்?

திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்ததாக மரபு சொல்லும் பூந்தமல்லியில் மொட்டைமாடி உள்ளவர்களுக்குக் கவலையில்லை. 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே டெண்ட்ரோபியம் பூக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர்கள் வாண்டாவுக்கு ஆசைப்பட வேண்டாம். ஃபெலனாப்சிஸ் வைத்து, 20 வாட் எல்இடி குழல்விளக்குகள் இரண்டை இலைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 12 மணி நேரம் எரிக்கட்டும். மாதம் 15 யூனிட்டுக்குள் அடங்கும். (பூந்தண்டு விட அதற்கு இரவுக் குளிர்ச்சியும் வேண்டும், அது வேறு வழக்கு.) வரவேற்பறையின் அழகு கெடுகிறது என்பவர்கள் பிளாஸ்டிக் பூ வாங்கிக்கொள்ளலாம்.