தானே எழுதும் நற்சான்று

கதை எழுதுகிறவனிடம் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் கேட்டு வருவார்கள். வாழ்த்துப்பா கேட்டு வருவார்கள். டெண்டருக்கு வாசகம் கேட்டு என்னிடம் வந்தவன் என் நண்பரின் மகன் ஒருவன்தான்.

லண்டன் பக்கத்தில் பள்ளிக்கூடங்களைச் சுத்தம் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றை அவன் நடத்துகிறான். வேலை பார்ப்பவர்கள் 15 பேர். எல்லோரும் அக்கம்பக்கத்துப் பெண்கள். ஒருத்திக்குக் கால் முறிந்தபோது மூன்று மாதச் சம்பளத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன். நகரசபையின் டெண்டர் பாரத்தில், விலையையும் வேலைத் தரத்தையும் தவிர, இன்னொரு கேள்வியும் இருந்ததாம்: உங்கள் கம்பெனியால் சமூகத்துக்கு என்ன பயன்? பதிலுக்கு மார்க்கு உண்டு.

"மாமா, இங்கிலீஷை நான் பார்த்துக்கொள்கிறேன். விஷயத்தை நீங்கள் கொஞ்சம் ஜோடித்துக் கொடுங்கள்" என்றான்.

"உள்ளதைச் சொல்லேன், தம்பி."

"போன தடவை உள்ளதைத்தான் நாலு வரியில் எழுதினேன். வேலை போய்விட்டது. பெரிய கம்பெனிகளில் இதை எழுதவென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள்."

எனக்குச் சுருக்கென்றது. கேள்வி நல்ல கேள்விதான். பொதுப்பணத்தில் ஒரு வேலையைக் கொடுக்குமுன், அந்த வட்டாரத்து மக்களுக்கு அதனால் என்ன நன்மை என்று யோசிக்க வேண்டும் என 2012-ல் அங்கே சட்டம் செய்தார்கள். 2021 ஜனவரியிலிருந்து மத்திய சர்க்காரின் பெரிய காண்டிராக்டுகளில் இதற்கு 100-க்கு 10 மார்க்காவது கொடுக்க வேண்டும் என்று விதியும் வந்தது. மலிவு விலைக்காரனுக்கே எல்லா வேலையும் போய்விடக் கூடாது என்ற அந்த எண்ணத்தை நான் வணங்குகிறேன். ஆனால் நற்குணத்தைக் கட்டுரைப் போட்டியாக்கினால் ஜெயிப்பது நற்குணமா, கட்டுரையா?

கரிலியன் என்ற ராட்சதக் கம்பெனியின் கதையைப் பாருங்கள். ஆஸ்பத்திரி கட்டுவதும் சிறைச்சாலை பராமரிப்பதும் அதன் தொழில். சின்ன வியாபாரிகளுக்குக் காலத்தோடு பணம் கொடுப்போம் என்ற ஒழுக்கவிதியில் அது கையெழுத்துப் போட்டிருந்தது. கொடுத்ததோ 120 நாள் தவணையில்! 2018 ஜனவரி 15-ல் அது கவிழ்ந்தபோது பொறுப்புகள் ஏறக்குறைய 700 கோடி பவுண்டு; கையில் மிஞ்சியது 2.9 கோடி. வாக்குறுதிக்கு மார்க்குப் போடலாம். வாக்குறுதியை வைத்துக் கூலி கொடுக்க முடியாது.

"சொன்னதைச் செய்தார்களா என்று பார்க்கத்தான் புதுச் சட்டம் வந்திருக்கிறதே" என்பீர்கள். வாஸ்தவம். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கொள்முதல் சட்டப்படி, 50 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக மூன்று அளவுகோலாவது வைத்து, முடிவை வெளியிட வேண்டும். நல்லது. பள்ளிக்கூடம் கூட்டுகிற வேலை அந்தத் தொகைக்கு எட்டுமா?

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. வட இங்கிலாந்தில் பிரஸ்டன் என்று ஒரு நகரம். நம்பியிருந்த பெரிய கடைவீதித் திட்டம் 2011-ல் கைவிடப்பட்டது. பிறகு நகரசபையும் போலீசும் கல்லூரிகளும் கூடி, தாங்கள் வாங்குகிற சரக்குக்கும் வேலைக்கும் பணம் எந்த ஊருக்குப் போகிறது என்று கணக்குப் பார்த்தன. 2012-13-ல் அந்த நகருக்குள் தங்கியது ஏறக்குறைய 3.8 கோடி பவுண்டு, 2016-17-ல் 11 கோடிக்கும் மேல். அது கம்பெனிக்காரன் வர்ணனையிலிருந்து எடுத்த கணக்கல்ல. பில்லிலிருந்து எடுத்த கணக்கு!

நான் கேட்பதும் அதுவே. என்ன கூலி கொடுத்தாய்? எத்தனை நாளில் கொடுத்தாய்? உள்ளூரார் எத்தனை பேர்? போன ஆண்டுக் கணக்கைக் காட்டு. வேலைக்காரியைத் தனியே கூப்பிட்டுக் கேள். செய்வேன் என்றவன் செய்யும்வரை தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வை. இதற்கு எழுத்தாளன் தேவையில்லை.

அந்தப் பையனுக்கு நான் எழுதிக் கொடுத்தேனா? கொடுத்தேன். முறிந்த காலைப் பற்றி ஒரு பாரா. நடந்து வேலைக்கு வரும் பெண்களைப் பற்றி ஒரு பாரா. ஒரு பொய் இல்லை. இந்தத் தடவை காண்டிராக்ட் கிடைத்துவிட்டது. "உங்கள் கைராசி, மாமா" என்று சந்தோஷப்பட்டான்.

எனக்குச் சந்தோஷமில்லை. அதே பெண்கள், அதே கூலி, அதே துடைப்பம். மாறியது நடை மட்டும்தான். நாளைக்கு அந்தப் பெண்களுக்குக் கூலியே கொடுக்காத ஒருவன் என்னைவிட நல்ல எழுத்தாளனைப் பிடித்துவிட்டால்?