சன்னபட்டணத்துப் பொம்மை: வேலி போட்டாயிற்று, வாசல் எங்கே?

கர்நாடக மாநிலத்தில் சன்னபட்டணம் என்று ஓர் ஊர். பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகும் பழைய சாலையில், சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. "பொம்மைகளின் ஊர்" என்று கன்னட மக்கள் இதை அழைக்கிறார்கள்.

பம்பரம், கிலுகிலுப்பை, குதிரை, சொப்பு, கிண்ணம், குங்குமச் சிமிழ் - எல்லாம் மரத்தில் கடைந்தவை. 2010-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவின் மனைவி மிச்செல்கூட இந்தப் பொம்மைகளை விரும்பி வாங்கினார்.

இத்தனை புகழ் பெற்ற தொழிலுக்கு இப்பொழுது என்ன கவலை?

கடைவது எப்படி?

முதலில் தொழிலைத் தெரிந்துகொள்வோம். இதற்கு ஏற்றது வெப்பாலை மரம். தந்தம் போல வெளுத்த மரம். பச்சையாக இருக்கும்போதே கடைந்தால், பிறகு காய்ந்து வெடிக்கும், கோணிக்கொள்ளும். அதனால் சில மாதங்கள் உலர வைக்கிறார்கள். பிறகு துண்டு போட்டுக் கடைசல் இயந்திரத்தில் மாட்டுகிறார்கள்.

மரம் சுழலும். அதில் உளியை வைத்தால் சீவல் பறக்கும். சற்று நேரத்தில் உருவம் பிறக்கும்.

வர்ணம் பூசத் தூரிகை கிடையாது. வர்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. தாழை மடலால் தேய்த்ததும் கண்ணாடி போலப் பளபளக்கிறது!

அரசாங்கம் போட்ட வேலி

இந்தத் தொழிலுக்கு முதலில் வந்த ஆபத்து, சீனாவிலிருந்து வந்து குவிந்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள். மத்திய அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த சுங்க வரி, 2020-ல் 60 சதவீதம் ஆயிற்று. 2023-ல் அது 70 சதவீதமாக உயர்ந்தது.

2021 ஜனவரி 1 முதல், தர முத்திரை இல்லாத பொம்மைகளை விற்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் கடைபவர் பரிசோதனைச் செலவுக்கு எங்கே போவார்? அதனால், பதிவு செய்துகொண்ட கைவினைஞர்களுக்கு விலக்கு அளித்தார்கள். சன்னபட்டணம் என்ற பெயரை மற்றவர்கள் திருடாமல் இருக்க, 2005-06-லேயே புவிசார் குறியீடும் கிடைத்திருந்தது.

ஆக, வேலி பலமாகவே இருக்கிறது.

சாலை விலகியது

2023 மார்ச் 12-ந் தேதி, பெங்களூர்-மைசூர் புதிய விரைவுச் சாலை திறக்கப்பட்டது. நீளம் 118 கிலோ மீட்டர். செலவு சுமார் 8,480 கோடி ரூபாய். மூன்று மணி நேரப் பயணம் ஒன்றேகால் மணியாகக் குறையும் என்றார்கள். பிரயாணிகளுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் அந்தச் சாலை சன்னபட்டணத்துக்குள் நுழையாமல் சுற்றிப் போகிறது!

பழைய சாலையில் காரை நிறுத்திக் குழந்தைக்கு ஒரு குதிரை வாங்கியவர்கள், இப்பொழுது ஊரைப் பார்க்காமலே பறந்துவிடுகிறார்கள். பொம்மைக் கடைகளில் வியாபாரம் படுத்தது. கடை படுத்தால், அதற்குச் சரக்குக் கொடுக்கும் பட்டறையும் படுக்கும். பட்டறையில் கூலி வாங்கும் குடும்பத்தின் அடுப்பும் அணையும்.

சாலை போட்டது தவறல்ல. ஊருக்குச் சாலை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அந்தச் சாலையால் பிழைத்தவர்களுக்கு மாற்று வழி காட்டுவது. புதிய சாலையில் வண்டிகள் நின்று போகும் இடங்களில் இந்தக் கைவினைஞர்களுக்குக் கடை ஒதுக்கலாம். டெலிபோன் வழியாகவும் இன்டர்நெட் வழியாகவும் நேரே விற்க அவர்களுக்குப் பழக்கித் தரலாம்.

நம் தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் இதில் பாடம் உண்டு. வெளியூர்ச் சரக்கைத் தடுக்க வரி போதும். வாங்குகிறவர் வந்து சேர வழியும் வேண்டும்.