நடந்தவர் நாம், விற்றவர் அவர்

மலையேறுகிறவர்களிடமும் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கிறவர்களிடமும் ‘கோமூட்’ என்று சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் விடமாட்டார்கள். ஜெர்மனியில் பெர்லினை ஒட்டிய போட்ஸ்டாம் நகரில் 2010-ல் பிறந்த வழிகாட்டிச் செயலி அது. 2025 மார்ச் வரை அந்த அரை மணி நேரமும் பெரும்பாலும் பாராட்டாகவே இருக்கும். அந்த மாதம் இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. விலை சுமார் 30 கோடி யூரோ என்று செய்தி வந்தது. கொஞ்ச நாளிலேயே, ஏறத்தாழ 150 ஊழியர்களில் பெரும்பாலானோருக்குச் சீட்டுக் கிழிந்தது என்ற செய்தியும் வந்தது.

பெண்டிங் ஸ்பூன்ஸின் முன்கதை தெரிந்தவர்கள் அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார்கள். குறிப்பெடுக்கும் செயலியான எவர்நோட்டை வாங்கிய கையோடு, 2023-ல் அதன் அமெரிக்க, சிலி ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிய நிறுவனம் இது. சந்தா ஏறியது. காசு கொடுக்காதவர்களுக்கு 50 குறிப்புகளும் ஒரே ஒரு நோட்டுப் புத்தகமும் போதும் என்று அளந்துவிட்டார்கள்.

எனக்கு வியப்பு வேறு இடத்தில். 30 கோடி கொடுத்து வாங்கியவருக்குக் கையில் கிடைத்தது என்ன? அடிப்படை வரைபடம் கோமூட்டின் சொத்து இல்லை. அது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து வருவது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். (கோமூட் அதற்குத் திருப்பிச் செய்யாமலும் இல்லை. ‘ஃபோட்டான்’ என்ற இடம் தேடும் மென்பொருளைத் திறந்த நிரலாகக் கொடுத்தது.) விலை போனது அந்த வரைபடத்தின் மேல் ஜனங்கள் போட்டுவைத்த அடுக்கு. திரையில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரியும், பெயர் ‘ஹைலைட்’. ஒன்றைத் தொட்டால் யாரோ எடுத்த படம் விரியும், கூடவே இரண்டு வரி: மழைக்காலத்தில் இந்த இறக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள், வளைவு தாண்டியதும் இடப்பக்கம் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, இந்த மாதிரி. எழுதியவருக்கு யாரும் கூலி தரவில்லை. அவரும் கேட்கவில்லை. ஊர் கூடி வெட்டிய குளத்தைச் சுற்றி ஒருவர் வேலி போட்டு, பிறகு வேலியோடு சேர்த்து விற்றுவிட்டால் வெட்டியவனுக்கு எப்படி இருக்கும்?

ஆனால் நம் பக்கமும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. உலகம் முழுமைக்குமான வரைபடத்தை கோமூட் பல ஆண்டுகளாக 29.99 யூரோவுக்கு விற்றது. ஒரு முறை கட்டினால் போதும், ஆயுளுக்கும் மேற்கொண்டு பைசா இல்லை. சர்வர் வாடகையும் ஊழியர் சம்பளமும் மாதம் தவறாமல் வரும். கட்டியவர் திரும்ப வரமாட்டார். இப்படி ஓடுகிற கடை ஒருநாள் சந்தாவுக்கு மாறும், அல்லது விலைக்குப் போகும். கோமூட்டில் இரண்டும் நடந்தன. கட்டியவர்களில் பலர் அந்த 29.99-ஐ ஆயுள் காப்பீடு என்றே நினைத்திருந்தார்கள்.

வாங்கியபின் மூடுகிறவர்களும் உண்டு. மலைச் சரிவுகளை முப்பரிமாணத்தில் காட்டி, பனிச்சறுக்கு ஆட்களிடம் நல்ல பெயர் எடுத்தது ஃபேட்மேப். ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதியும் செயலியான ஸ்ட்ராவாவின் நிறுவனம் அதை 2023 ஜனவரியில் வாங்கியது. 2024 அக்டோபர் 1-ல் கடையைச் சாத்தியது. பிரிட்டனின் வியூரேஞ்சர் செயலி 2019-ல் ஜெர்மனியின் அவுட்டோர்ஆக்டிவ் நிறுவனத்தின் கைக்குப் போய், பிறகு பெயரே இல்லாமல் கரைந்தது. கையா ஜிபிஎஸ், டிரெயில்ஃபோர்க்ஸ் என்ற இரண்டு வழிகாட்டிச் செயலிகளையும் 2021-ல் அமெரிக்காவின் அவுட்சைட் நிறுவனம் சுருட்டியது. டிரெயில்ஃபோர்க்ஸில் பாதைகளைப் பதிந்தவர்கள் சைக்கிள்காரர்களும் உள்ளூர்ச் சங்கங்களும்தான். அவர்களில் பலரும் சொந்த வட்டாரத்தைத் தாண்டிச் செயலியில் பார்க்கக் காசு கட்ட வேண்டியதாயிற்று.

தப்பித்த கதையும் ஒன்று உண்டு. மேப்ஸ்.மீ செயலியை 2014-ல் ரஷ்யாவின் மெயில்.ரு வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் நிரலைப் பொதுவில் திறந்துவிட்டது. 2020 நவம்பரில் செயலி மறுபடி கைமாறியது. புது முதலாளி முகத்தையே மாற்றியதில் பழைய பயனர்கள் கொதித்தார்கள். பொதுவில் கிடந்த நிரலை எடுத்து, ஆதியில் அதை உருவாக்கியவர்களே 2021-ல் ஆர்கானிக் மேப்ஸ் என்று புதிதாகத் தொடங்கினார்கள். அங்கேயும் நிர்வாகத் தகராறு. 2025-ல் தன்னார்வலர்கள் பிரிந்துபோய் கோமேப்ஸ் கண்டார்கள். நம்மூர்க் கட்சிகள் உடைகிற மாதிரிதான். உடைந்தாலும் பயனருக்கு ஒன்றும் குடிமுழுகவில்லை, வரைபடமும் நிரலும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருந்ததால். கோமூட்டின் சிவப்புப் புள்ளிகளுக்கு அந்த வழி இல்லை. அவை புதிய உரிமையாளரின் சர்வருக்குள் இருக்கின்றன.

நீங்கள் எந்தச் செயலி வைத்திருந்தாலும் சரி, பதிவான நடைகளை ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி உங்கள் கணினியில் போட்டுவையுங்கள். விற்பனை அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். போகிற வழியில் ஓர் ஊற்றையோ அடைபட்ட பாதையையோ கண்டால் அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் குறித்துவிடுங்கள். கணக்குத் தொடங்க ஒரு மின்னஞ்சல் முகவரி போதும், காசு இல்லை.