பட்டமும் ஒரு சரக்குத்தான், பார்த்து எடுங்கள்

நோன்புப் பெருநாள் வியாபாரம் முடிந்து, கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் இரண்டு கலாநிதிப் பட்டங்கள் என்னைத் தேடி வந்தன. இரண்டும் சமூகப் பணியில்தான். ஒன்று எனக்கு, மற்றது என் மகளுக்கு.

எனக்கு வந்தது தொலைபேசியில். பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "ஹாஜியார், நீங்க ஊருக்குச் செய்த சேவையப் பத்தி நாங்க கேள்விப்பட்டிருக்கோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உங்களுக்கு சமூகப் பணியில கௌரவ கலாநிதிப் பட்டம் தர இருக்கு" என்றார். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் விழா. அங்கியும் தொப்பியும் அவர்களே தருவார்கள், படமும் பிடிப்பார்கள். வீட்டாருக்கு இரண்டு டிக்கட். எல்லாம் சேர்த்து 85,000 ரூபா. அரைவாசி முற்பணம்.

உண்மையைச் சொல்கிறேன். உடனே மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓ.எல். வரை படித்துவிட்டு புறக்கோட்டைக்கு வந்து புடவைக் கடையில் நின்றவன் நான். கலியாணக் கார்டில் பெயருக்கு முன்னால் "கலாநிதி" என்று அச்சடித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். நம்மவர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. சாமஸ்ரீ, தேசகீர்த்தி, தேசமான்ய என்று நமது ஊர்களில் இல்லாத பட்டமா? யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகள் தன் விஷயத்தைச் சொன்னாள். அவள் சமூகப் பணியில் இளமாணியும் முதுமாணியும் முடித்தவள். தாய்மார் மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்களாகப் போன வீடுகளில், பின்னால் நிற்கும் பிள்ளைகளைப் பார்ப்பது அவளுடைய வேலை. சம்பளம் என் கடையில் பில் போடும் தம்பியின் சம்பளத்தைவிட அதிகமில்லை. இப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், இங்கிருந்தே இணையவழியில், சமூகப் பணிக் கலாநிதிப் பட்டம் படிக்க வேண்டுமாம். மூன்று வருடம். அவள் பார்த்தவற்றில் மலிவானதே 30,000 டொலருக்குக் கிட்ட. ஒரு டொலரை 300 ரூபா என்று போட்டாலும் 90 இலட்சம்!

"பெயருக்கு முன்னால் போடத்தானா?" என்று கேட்டுவிட்டேன். காலையில் வந்த போன் மனதில் இருந்தது. அவள் கோபப்படவில்லை. "வாப்பா, நீங்க சீனாவிலிருந்து சாமான் எடுக்கக்குள்ள எப்படிப் பார்ப்பீங்க? அப்படியே இதையும் பாருங்களேன்" என்றாள்.

அப்படியே பார்த்தேன். இன்று நமது வியாபாரிகள் பலரின் பிள்ளைகள் இணையவழிப் பட்டங்களுக்குப் பணம் கேட்கிறார்கள். ஆகவே நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, சரக்கு என்ன என்று தெரிய வேண்டும். சமூகப் பணியில் கலாநிதிப் பட்டம் இரண்டு வகை. ஒன்று ஆராய்ச்சிக்கான பி.எச்.டி. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கவும் ஆய்வு செய்யவும் விரும்புபவர்களுக்கு உரியது. மற்றது டி.எஸ்.டபிள்யூ. என்ற தொழில்சார் கலாநிதி. களத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் துறையை மேலும் கற்று, நிறுவனங்களையும் திட்டங்களையும் நடத்துவதற்கானது. இது பழைய பட்டம்தான். இடையில் மங்கிப்போயிருந்ததை 2007 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் மீண்டும் ஆரம்பித்தது. பின்னர் பல இடங்களில் இணையவழியில் வந்தது. பெரும்பாலான இடங்களில் சமூகப் பணி முதுமாணியும் அதன் பிறகு சில வருட வேலை அனுபவமும் இல்லாமல் சேர முடியாது. எந்தப் படிப்பும் வேலையும் இல்லாதவருக்கு நேரடியாகக் கலாநிதி தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், அது சரக்கல்ல, வெறும் பெட்டி.

இன்னொன்றும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் சமூகப் பணியாளருக்கான அனுமதிப் பத்திரத்தை ஒவ்வொரு மாநிலமும் கொடுக்கிறது. சிகிச்சை ஆலோசனை செய்வதற்கான உயர்ந்த அனுமதிக்கும் முதுமாணியும் மேற்பார்வையின் கீழ் செய்த வேலையுமே அடிப்படை. கலாநிதி எடுத்தவுடன் புதிய அனுமதி எதுவும் வந்துவிடாது. "இதைப் படித்தால் அமெரிக்காவில் வேலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, விற்பவர் யார்? 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. கராச்சியிலிருந்த எக்ஸாக்ட் என்ற கம்பனி, நூற்றுக்கணக்கான இணையத்தளங்களில் இல்லாத பல்கலைக்கழகங்களை இருப்பதாகக் காட்டி, உலகம் முழுவதும் பட்டங்களை விற்றது என்பதே அது. அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதாகச் சொன்ன சபைகளும் போலியானவை. சாமானும் போலி, தரச்சான்றிதழும் போலி! ஆகவே "நாங்கள் அங்கீகரிக்கப்பட்டவர்கள்" என்ற சொல் போதாது. யார் அங்கீகரித்தார், அந்த அங்கீகரித்தவரை யார் அறிவார் என்று இன்னொரு படி மேலே போய்க் கேட்க வேண்டும். அமெரிக்காவில் சமூகப் பணிப் படிப்புகளுக்கென்று 1952 முதல் ஒரு கல்விப் பேரவை உண்டு. அது நீண்ட காலம் இளமாணிக்கும் முதுமாணிக்கும் மட்டுமே அங்கீகாரம் கொடுத்து வந்தது. தொழில்சார் கலாநிதிக்கான நியமங்களை 2020 இல்தான் ஏற்படுத்தியது. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் முதுமாணிக்கு அங்கீகாரம் இருப்பதைக் காட்டி, கலாநிதிக்கும் இருப்பதாக நினைக்க வைக்க இடமுண்டு. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு உண்டா என்று தனியே கேளுங்கள்.

பக்கத்து நாட்டிலிருந்து வரும் விளம்பரங்களையும் கவனியுங்கள். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு இணையவழி பி.எச்.டி. பட்டங்களை ஏற்பதில்லை. வெளிநாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து கல்விக் கம்பனிகள் செய்யும் அத்தகைய விளம்பரங்களில் ஏமாற வேண்டாம் என்று 2022 ஒக்டோபரில் பகிரங்கமாகவே எச்சரித்தது.

மூன்றாவது, நமது நாட்டில் எடுபடுமா? துறைமுகத்தில் சுங்கம் விடுவிக்காத கொள்கலனால் என்ன பயன்? வெளிநாட்டுப் பட்டங்களைப் பொறுத்தவரை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைந்நூலிலோ இருக்கிறதா என்று பார்ப்பது நீண்டகால வழக்கம். ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி ஃபைலில் போட்ட பிறகே முதல் டொலரை அனுப்புங்கள். வாய்ப் பேச்சை நம்பி எல்.சி. திறப்பவர் நம்மில் யார்?

நான்காவது, வந்து இறங்கும் விலை. கட்டணப் பட்டியலில் உள்ளது வெறும் இன்வொய்ஸ் விலைதான். நமது முதுமாணியை அங்கே மதிப்பீடு செய்விக்கக் கட்டணம். ஆங்கிலப் பரீட்சைக்குக் கட்டணம். சில இடங்களில் வருடத்தில் சில நாட்கள் நேரில் வரச் சொல்வார்கள்; அதற்கு விசாவும் விமான டிக்கட்டும். எல்லாவற்றிலும் பெரியது டொலர். 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. மூன்று வருடப் படிப்பு என்றால் மூன்று வருட டொலர்க் கடன். பணத்துக்கு மேலே நேரமும் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடை காலத்தில் மாலை 7 மணி வகுப்பு, நமக்கு அதிகாலை 4.30. அதை முடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும்.

இந்த நான்கையும் போட்டுப் பார்த்தால் இலாப நட்டக் கணக்கில் இது நட்டம்தான். அவளுடைய சம்பளத்தில் 90 இலட்சம் திரும்பி வராது. இதை நான் மறைக்கவில்லை, அவளும் மறைக்கவில்லை.

ஆனால் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. எதற்காக எடுக்கிறோம்?

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கள் தெரு வியாபாரிகள் சேர்ந்து இரண்டு லொறி உடுப்புகளோடு மருதமுனைக்குப் போனோம். அங்கே எங்களுக்கு முன் வந்த உடுப்புகள் தெருவோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்தன. ஒரு பிள்ளை கையில் கொப்பியோடு வந்தாள். கூடாரம் கூடாரமாகப் போய் எழுதியிருந்தாள். எத்தனை கைக்குழந்தை, எத்தனை கர்ப்பிணி, யாருக்கு உள்ளுடை இல்லை, யாருடைய அடையாள அட்டை போய்விட்டது என்று எல்லாம் அதில் இருந்தது. எங்கள் இரண்டு லொறியை விட அந்த ஒரு கொப்பி பெறுமதியானது என்று அன்று புரிந்தது. கொடுப்பது நல்ல மனம். யாருக்கு, எதை, எப்படி என்று அறிவது தொழில். அந்தத் தொழிலைப் படிக்க வேண்டும். நமது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் 2005 இல் சமூகப் பணி இளமாணிப் படிப்பை ஆரம்பித்ததும் இந்தத் தேவைக்காகத்தான்.

மகளிடம் கேட்டேன், இத்தனை செலவில் அப்படி என்ன படிக்கப் போகிறாய் என்று. அவள் சொன்ன பதிலில் பெயரும் இல்லை, பதவியும் இல்லை, ஒரு கேள்விதான் இருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாடு போக முடியாது என்று 2013 இல் விதி வந்தது. 2022 இல், டொலர் இல்லாத காலத்தில், அது தளர்த்தப்பட்டது. "விதி மாறின பிறகு அந்தச் சின்னப் பிள்ளைகள யாரு பார்க்கிறாங்க வாப்பா? உம்மும்மாவா, அயல் வீட்டாரா, பள்ளிவாசலா? என்ன செய்தா அந்தப் பிள்ளை கெட்டுப் போகாது? நான் இத்தன வீடு ஏறி இறங்கியும் எனக்குச் சரியா சொல்லத் தெரியல்ல" என்றாள்.

கேள்வி உள்ளவருக்கே இந்தப் பட்டம். கேள்வி இல்லாதவருக்கு 85,000 ரூபாப் பட்டமும் 90 இலட்ச ரூபாப் பட்டமும் ஒன்றுதான்.

தொலைபேசியில் பேசியவருக்கு அடுத்த நாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளிடம், ஆணைக்குழுவின் கடிதத்தைக் கொண்டு வா, முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கடையிலிருந்து தருகிறேன், வருட முடிவில் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். புதிய இடத்தில் முதலில் மாதிரிக்குத்தானே ஓடர் போடுவோம். அவள் எழுதிக் கேட்டிருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

நமது வியாபாரச் சகோதரர்களிடம் ஒரு கேள்வியுடன் முடிக்கிறேன். எந்தச் சரக்கை இறக்கினாலும் சந்தை வேண்டும். இப்படிப் படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு நம்மிடம் என்ன சந்தை இருக்கிறது? வருடா வருடம் ஸகாத் சேர்க்கிறோம், நிவாரணம் கொடுக்கிறோம். எந்த வீட்டுக்கு என்ன தேவை என்று பார்க்கத் தெரிந்த ஒருவரையாவது சம்பளத்துக்கு வைத்திருக்கிறோமா? ஸகாத் பெறும் எட்டு வகையினரில் அதற்காக உழைப்பவர்களும் ஒரு வகையினர் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. மேடையில் பொன்னாடை போர்த்த மட்டும்தான் நமக்குத் தெரியும் என்றால், படித்த பிள்ளை அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போய்விடும். அப்போது நட்டம் என் கடைக்கு மட்டுமல்ல.